வலது பக்கத்து ஆள்

லூயிஸ் ஜீப்பைத் தேங்காய்த்திட்டுக்குள் திருப்பியபோது மணி நாலுகூட ஆகவில்லை. ஐப்பசி மேகம் கட்டிக்கொண்டு நின்றதில் உப்பங்கழித் தண்ணீர் கருத்து, விளக்கு வைக்கிற நேரம் போல இருந்தது. காலையில் ஏலம் முடிந்த திடலில் மீன் செதிலும் ஈரச் சாக்கும் கிடந்தன. இரண்டு நாய்கள் அதைக் கிளறிக்கொண்டிருந்தன. லூயிஸ் கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். நாற்றம் தாங்காமல் இல்லை. தாம் பொத்துவதை நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான்.

அவர், இவர் என்று சொல்வதெல்லாம் வயதுக்காக. மற்றபடி அந்த மனிதரிடம் மரியாதை கொடுக்கும்படி ஒன்றும் கிடையாது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஜீப் ஓட்டியவர். ஒரு சண்டையைக் கண்டதில்லை, ஒரு குண்டுச் சத்தம் கேட்டதில்லை. ஆனால் பேச்சைக் கேட்டால் பாதி பிரான்சு இவர் தோளில்தான் நின்றது என்று நினைத்துக்கொள்ள வேண்டும். வீடு பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, எல்லாத் தமிழரையும் போல. மனசு மட்டும் வாய்க்காலுக்குக் கிழக்கே, வெள்ளைக்காரர் பங்களாக்களில் குடியிருந்தது. ஐயா என்றால் திரும்ப மாட்டார், பிரெஞ்சில் முசே என்றால்தான் திரும்புவார். மீன்காரன், மாட்டுக்காரன், கடலூர்க்காரன் என்று சொல்லும்போதே வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும்.

ஐம்பத்து நாலில் பட்டாளம் மூட்டை கட்டியபோது, கழித்துவிட்ட சாமான்களோடு சாமானாக, தாம் ஓட்டிய இந்த ஜீப்பையே அடிமாட்டு விலைக்கு வாங்கினார். எட்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போது ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தாயிற்று. வேண்டியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டுக்கொள்ளலாம் என்றார்கள். லூயிஸ் முதல் வரிசையில் நின்று கேட்டுக்கொண்டார். இன்னும் பத்து நாளில் கப்பல். மனைவி ஆனந்தமேரியோடு பிரான்சில், மர்சேய்த் துறைமுகத்தில் போய் இறங்கிவிட்டால் இந்த மீன்நாற்ற ஊரைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம். பெட்டிகள் கட்டியாகிவிட்டன. ஜீப்பை விற்றால்தான் டிக்கெட். விற்காவிட்டால் கட்டிய பெட்டியை அவிழ்த்துக்கொண்டு, இத்தனை நாள் ஏளனம் பண்ணிய அதே தெருவில் அதே முகங்களைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அதைவிடச் சாவே மேல் என்று அவர் நினைத்தார்.

வாங்க ஆள் வராமல் இல்லை. மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் வண்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ முனகிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாவது ஆள் வில்லியனூர் அரிசி மில் சக்கரபாணி. லூயிஸ் வண்டியை அவர் மில்லுக்கே ஓட்டிக்கொண்டு போயிருந்தார். சக்கரபாணி சுற்றி வந்து பார்த்தவர், சட்டென்று குரலைத் தணித்துக்கொண்டார்.

"வண்டி நல்லாத்தாங்க இருக்கு. உங்க டிரைவரப் பாத்தாத்தான் எனக்கு என்னமோ பண்ணுது."

அவ்வளவுதான். மில்லுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

லூயிசுக்கு வந்ததே கோபம்! அது அமெரிக்காக்காரன் செய்த ஜீப்; ஸ்டீரிங் இடது பக்கம். இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டிப் போனவர் லூயிஸ்தான். இந்தியா வண்டிகளில் ஸ்டீரிங் வலது பக்கம். ஆகவே வலது பக்கம் இருப்பவன் டிரைவர், இடது பக்கம் இருப்பவர் முதலாளி என்று இந்த அரிசி மூட்டைக்காரன் குழம்பிவிட்டான். "பட்டிக்காட்டான்! ஒரு ஜீப்பப் பாத்திருப்பானா ஜென்மத்துல?" என்று வீட்டில் வந்து விழுந்து விழுந்து சிரித்தார்.

ஆனந்தமேரி சிரிக்கவில்லை. எட்டு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட முன் இருக்கையில் உட்கார்ந்தது கிடையாது. கோயிலுக்குப் போனாலும் பின்னால்தான். கேட்டால், "எனக்கு இங்கதாங்க வசதி" என்பாள்.

வலது பக்கத்தில் யாருமே உட்கார்ந்து வரவில்லையே, பிறகு எந்த டிரைவரைச் சொன்னான் என்று மட்டும் லூயிஸ் யோசிக்கவில்லை.

தனக்கொடி திடலுக்குக் குறுக்கே வந்தாள். தேங்காய்த்திட்டில் மீன் ஏலம் விடுகிறவள் அவள். ஐம்பது வயது, ஆள் குட்டை. குரல் மட்டும் அக்கரை வரைக்கும் போகும். கழிமுகத்து மணலில் லாரி புதைகிறது, மாட்டு வண்டி வந்து சேர்வதற்குள் மீன் கெடுகிறது என்று அவளுக்கு மணலில் ஓடுகிற வண்டி ஒன்று வேண்டியிருந்தது. விலையெல்லாம் ஆள் விட்டுப் பேசியாகிவிட்டது. வண்டி மணலில் ஓடிக் காட்டினால் அங்கேயே பணம் என்று சொல்லியிருந்தாள்.

"வா முசே. இதானா வண்டி? டிரைவரையும் எறங்கச் சொல்லு, டீ வருது."

லூயிஸ் கண்ணை மூடித் திறந்தார். இன்னொன்று!

"இந்தா பாரும்மா," என்றார், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் இழுத்து இழுத்து. "இது இந்தியா வண்டி இல்ல. பட்டாளத்து ஜீப். சக்கரம் எந்தப் பக்கம் இருக்கு? எடது பக்கம். அப்ப ஓட்டுறவன் எங்க இருப்பான்? எடது பக்கம். நான்தான் டிரைவர், நான்தான் சொந்தக்காரன். புரியுதா? இதெல்லாம் மீன் கூடையில கத்துக்கிற விஷயம் இல்ல."

தனக்கொடி லூயிசின் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கு அந்தப் பக்கமாக, வலது இருக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையைத் தலைமேல் இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அவளிடம் கூடை தூக்கும் கொளஞ்சி இரண்டு தம்ளரில் டீ கொண்டுவந்தான். ஒன்றை லூயிசிடம் கொடுத்தான். மற்றதை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வலது பக்கம் போய் நீட்டினான். கொஞ்சநேரம் நீட்டியபடியே நின்றான். அப்புறம் தம்ளரை பானெட் மேல் வைத்துவிட்டு, திரும்பாமல், பின்பக்கமாகவே நடந்து குடிசைக்குள் போய்விட்டான்.

'முட்டாள் பசங்க' என்று லூயிஸ் நினைத்துக்கொண்டார். தம் டீயைக் குடித்து முடித்தவருக்கு, பானெட் மேல் இருந்ததை விட மனசு வரவில்லை. ஓசி டீ ஆயிற்றே! எடுத்து ஒரு வாய் வைத்தார்.

ஆவி பறக்க வந்த டீ ஜில்லென்று இருந்தது.

உப்புக் கரித்தது.

"த்தூ! டீயில உப்பப் போடுற ஊரு!" என்று துப்பிவிட்டு ஏறி உட்கார்ந்தார். "வா, வந்து உக்காரு. மணல்ல ஓட்டிக் காட்டுறேன்."

தனக்கொடி பின்னால் ஏறினாள்.

"முன்னாடியே உக்காரலாம். பரவால்ல, அப்புறம் சீட்டக் கழுவிக்கிறேன்."

"அங்க எடமில்ல முசே," என்றாள் அவள் மெதுவாக.

தன் இடம் எது என்று தெரிந்த பொம்பளை என்று லூயிஸ் திருப்திப்பட்டுக்கொண்டார்.

ஜீப் கழிமுகத்து மணலில் இறங்கியது. குட்டி கியரைப் போட்டதும் நாலு சக்கரமும் சேர்ந்து இழுத்தன. லாரி புதைகிற இடத்தில் ஜீப் உறுமிக்கொண்டு ஏறியது. பழைய வண்டிதான், ஆனாலும் குறை சொல்ல முடியாது. ஒன்றே ஒன்று, வண்டி வலது பக்கமாகச் சாய்ந்து ஓடியது. எட்டு வருஷமாகவே அப்படித்தான். இரண்டு தடவை அடியில் இருக்கிற ஸ்பிரிங் பட்டையை மாற்றிப் பார்த்தாயிற்று. மெக்கானிக்குகளைத் திருட்டுப் பயல்கள் என்று திட்டிவிட்டு விட்டுவிட்டார்.

கியர் மாற்றும்போது அவருடைய வலது முழங்கையில் ஏதோ ஈரமாக இடித்தது.

மழை ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தார்.

நனைந்த வலையின் வாடை அடித்தது. நாள் கணக்கில் வெயிலே படாமல் சுருட்டி வைத்த வலையின் வாடை. பின்னால் இருப்பவள் மேலிருந்து வருகிறது என்று கைக்குட்டையைத் தேடினார். காற்று நின்றுபோயிருந்தது. கடல் கண்ணுக்குத் தெரிந்தும் அலைச் சத்தம் காதில் விழவில்லை. இன்ஜின் சத்தத்துக்கு அடியில் வேறு ஒரு சத்தம் கேட்டது. தண்ணீர் குடித்த தொண்டையோடு யாரோ மூச்சை இழுக்கப் பார்க்கிற மாதிரி, களக், களக் என்று.

"முசே."

தனக்கொடியின் குரலா அது? ஏலம் விடுகிற குரல் எலிக்குஞ்சின் குரலாகிவிட்டிருந்தது.

"என்னம்மா?"

"அவன் ஏன் உன் தோள்ல தலையச் சாச்சிருக்கான்?"

லூயிஸ் பிரேக்கை மிதித்தார்.

வலது தோளில் காக்கிச் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

மழை இன்னும் ஒரு துளிகூட விழவில்லை.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. அந்தக் கனம் அவருக்குத் தெரியும். எட்டு வருஷத்துக்கு முன்னால், பட்டாளம் கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, இதே தோளில் இருந்த கனம்தான்.

அன்றைக்கு அவர் தம் பட்டாளத்து அதிகாரி கப்பித்தேனின் சலவைத் துணிகளை எடுத்துக்கொண்டு குருசுக்குப்பம் வழியாக வந்தார். கட்டுமரம் கவிழ்ந்து, ஒருவனைக் கரையில் இழுத்துப் போட்டிருந்தார்கள். உயிர் இருந்தது. ஊரே ஓடிவந்து ஜீப்பை மறித்தது. ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விடுங்க முசே என்று கும்பிட்டார்கள். பின்னால் படுக்கவைக்கப் போனார்கள். லூயிஸ் விடவில்லை. பின்னால் இஸ்திரி போட்ட துணி இருக்கிறதாம், நனைந்துவிடுமாம்! அரை உயிரோடு இருந்தவனை முன்னால், வலது பக்கம், நிமிர்த்தி உட்காரவைத்தார்கள். அவன் மனைவி ஏறப் பார்த்தாள். "எடமில்ல, எறங்கு" என்று தள்ளிவிட்டார். அவள் ஜீப்புக்குப் பின்னால் ஓடிவந்தாள்.

ஆஸ்பத்திரிக்காவது நேராகப் போனாரா அந்தப் புண்ணியவான்? முதலில் கப்பித்தேன் பங்களாவுக்குப் போனார். துணி கசங்குவதற்குள் கொடுக்க வேண்டுமே! "நான் வந்து சொல்ற வரைக்கும் எறங்காதடா" என்று அவனிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். சமையற்கட்டில் காபி கொடுத்தார்கள், உட்கார்ந்து குடித்தார். திரும்பி வந்து வண்டியை எடுத்தபோது அவன் இவர் தோளில் சாய்ந்தான். "நிமிந்து உக்காருடா, சட்ட நனையுது" என்று வழியெல்லாம் அதட்டிக்கொண்டு வந்தார். முகத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும். செத்தவனை அதட்டிக்கொண்டு ஊர் பாதியைச் சுற்றியிருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் ஆட்கள் வந்து தூக்கிப் போனார்கள். ஆள் பேர் என்ன என்று கேட்டார்கள். "மீன்காரன்" என்றார் லூயிஸ். வேறு பேர் அவர் கேட்டுக்கொள்ளவில்லை. வண்டியைத் திருப்பும்போது அந்தப் பெண் ஓடி வந்து வாசலில் விழுந்தாள். இவர் நிறுத்தவில்லை. வீட்டுக்குப் போய் இருக்கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார்.

இறங்கு என்று மட்டும் அவனிடம் யாரும் சொல்லவில்லை.

இதை லூயிஸ் தனக்கொடியிடம் முழுசாகச் சொல்லவில்லை. இரண்டு வரி சொன்னார்; அதிலும் தம்மேல் தப்பில்லாமல் சொன்னார். அவள் மீதியைப் புரிந்துகொண்டாள். வண்டியிலிருந்து குதித்து மணலில் தள்ளி நின்றாள்.

"தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான். மொகம் தெரியல. நீ சொல்லணும்னு உக்காந்திருக்கான்யா! எட்டு வருஷமா!" அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, பயத்தாலா கோபத்தாலா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. "வண்டி நல்லா ஓடுது. பேசின வெலைக்கே எடுத்துக்கிறேன். ஆளோட எடுத்துக்க மாட்டேன். எறங்கச் சொல்லு."

"காலி சீட்டப் பாத்து நான் பேசணுமா? உன்னப் போல எனக்கென்ன பைத்தியமா?"

"அப்ப வண்டிய ஓட்டிக்கிட்டுப் போ. கப்பலுக்கும் இவனையே ஏத்திக்கிட்டுப் போ."

கப்பல் என்ற சொல் வேலை செய்தது. பத்து நாள். டிக்கெட். மர்சேய். ஒரு மீன்காரி சொல்லி, ஒரு மீன்காரனிடம், தாம் பேச வேண்டியிருக்கிறது. அதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது; பக்கத்தில் செத்தவன் உட்கார்ந்திருப்பதுகூட அப்புறம்தான்.

"மரியாதையாச் சொல்லு முசே," என்றாள் தனக்கொடி. "பேரச் சொல்லிக் கூப்புடு. ஊரச் சொல்லு. குருசுக்குப்பத்துக்கு, உன் பொண்டாட்டிகிட்ட போப்பான்னு சொல்லு. எங்காளுங்க கடல்ல போனவங்கள அப்படித்தான் கூப்பிட்டு அனுப்புவோம். இல்லன்னா வழி தெரியாது அவங்களுக்கு."

"பேரு யாருக்குத் தெரியும்?"

"கேட்டுக்கிட்டு வரலாம். குருசுக்குப்பம் என்ன, மலைக்கு அந்தாண்டயா இருக்கு? ஒருத்தர் சொல்ல மாட்டாங்களா?"

குருசுக்குப்பத்துக்குப் போவதாம். அந்தக் குடிசைகளுக்கு நடுவில் நின்று, உங்களில் எவன் செத்தான் என்று விசாரிப்பதாம். லூயிசா? வண்டியை விட்டு இறங்கினார். இருக்கைப் பக்கம் திரும்பாமலே, நாயை விரட்டுகிற மாதிரி கையை வீசினார்.

"டேய்! எறங்கு. வீட்டுக்குப் போ."

ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு ஜீப்பின் வலது பக்கம் முனகிக்கொண்டு மேலே எழும்பியது. எட்டு வருஷமாகச் சாய்ந்தே நின்ற வண்டி, நேராக நின்றது.

மணலில் ஒரு தடம் விழுந்தது. வெறுங்கால். குதிகாலில் தண்ணீர் ஊறியது. இன்னொன்று. இன்னொன்று. வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி வந்து, லூயிசுக்கு நேரே நின்றது. களக், களக். அப்புறம் அவரைத் தாண்டி, ஊர்ப்பக்கமாகப் போனது.

தனக்கொடி முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். "பேரும் சொல்லல, ஊரும் சொல்லல, பாவி" என்று மட்டும் முனகினாள். சொன்ன வாக்குக்கு மடியிலிருந்த பையை அவிழ்த்துக் கொடுத்தாள். மீன் வாடை அடித்த நோட்டுகளை லூயிஸ் இரண்டு விரலால் வாங்கிக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார். நன்றிக்கு ஒரு மெர்சிகூடச் சொல்லவில்லை.

நடந்தே திரும்பினார். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. பயம் இருந்ததா என்றால் முதலில் இருந்தது. கடைத்தெரு வெளிச்சம் தெரிந்ததும் அதுவும் போயிற்று. தோளில் கனம் இல்லை. நிஜமாகவே இல்லை. ஒரு அதட்டலுக்கு அடங்குகிற சாதி, இதுக்கு இந்தப் பொம்பளை என்ன ஆட்டம் ஆடிவிட்டாள் என்று அவர் தமக்குள் சிரித்துக்கொண்டார். கப்பலில் மேல் தட்டில் இடம் கேட்க வேண்டும், கீழ்த்தட்டில் கண்டவனும் வருவான் என்று யோசித்துக்கொண்டே தம் தெருவுக்குள் நுழைந்தார்.

ஆனந்தமேரி வாசலில் விளக்கோடு நின்றாள்.

"வித்தாச்சு!" என்றார் லூயிஸ், கைக்குட்டையைத் தூக்கிக் காட்டி. "தொலைஞ்சுது சனியன்."

"சரிங்க. உங்க ஆளு எப்பவோ வந்துட்டாரு."

"எந்த ஆளு?"

"நீங்க அனுப்பின ஆளு. நான் எத்தனையோ கேட்டேன். வீட்டுக்குப் போகச் சொன்னாருன்றதத் தவிர வேற பேச்சே இல்ல." அவள் குரல் இறங்கியது. "தலையிலேந்து தண்ணி சொட்டிக்கிட்டே இருக்குங்க. ரெண்டு துண்டு குடுத்துட்டேன், நிக்கல."

லூயிசின் கையிலிருந்து கைக்குட்டை நழுவியது.

"உள்ள... உள்ள விட்டியா?"

"மழையில வாசல்லயா நிக்க வைக்க முடியும்? நடு அறையில, கப்பல் பெட்டி மேல உக்காந்திருக்காரு. பெட்டி நனையுது, நாற்காலியில உக்காருங்கன்னேன். நீங்க வந்து சொல்ற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டாராம்."

குருசுக்குப்பம். அந்த ஊரைச் சொல்லி அனுப்பிவிடலாம். இப்போதே, கும்பிட்டாவது அனுப்பிவிடலாம். லூயிஸ் கதவு வரைக்கும் போனார். வாயைத் திறந்தார். எப்படிக் கூப்பிடுவது?

"மேரி," என்றார். "பேரு... அவரு பேரக் கேட்டியா?"

"கேட்டேங்க. உங்களுக்குத் தெரியும்னு சொல்லிட்டாரு."

உள்ளே, இருட்டில், மரப்பெட்டி கிறீச்சிட்டது. அதன்மேல் உட்கார்ந்திருந்தவர் லூயிசுக்காகக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.